இல்லாத துணையைத் தேடல்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்துருவம்)



இம்மேடையிலே பெரிய பொருள்களைப் பற்றிப் பெரியவர்கள் பேசக் கேட்டிருக்கிறோம். நாம் இன்று பேச எடுத்துக்கொண்டதோ மிகச் சிறிய பொருள். கணினியிலே நிரல் எழுதுவோர் கையாளும் எடிற்றருக்குச் செருகுநிரல்களை நிறுவும்போது, வேண்டிய துணை இல்லையென்று அது முரண்டு பிடிப்பதும், அத்துணை யாதெனக் கண்டறிந்து கொடுப்பதுமே அப்பொருள். இதற்கும் ஓர் உரை வேண்டுமா என்று சிலர் நினைத்தல் கூடும். நிரலாக்கம் கற்கத் தொடங்கும் எமது வயதினர் பலர், முதல் வரியை எழுதுமுன்னரே இந்த இடத்தில் இடறி விழுகின்றனர். திரையிலே சிவப்பு எழுத்தில் முப்பது வரி ஆங்கிலம் வந்து நிற்கிறது. "இது எங்கட மண்டைக்கு ஏறாது" என்று மடிக்கணினியை மூடிவைத்துவிட்டு வேறு படிப்புத் தேடிப் போய்விடுகின்றனர். அந்த முப்பது வரியும் சேர்ந்து சொன்னதோ, இன்ன கோப்பு இன்ன இடத்திலே இல்லை என்ற ஒன்றைத்தான். மாணவனுடைய அறிவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

பெரியோர்களின் பொருட்டு இரண்டொரு சொற்களை விளக்கிவிட்டு மேலே செல்வோம். எடிற்றர் என்பது நிரலை எழுதவும் திருத்தவும் உதவும் கருவி. கடிதம் எழுதும் மென்பொருளைப் போல எழுத்தின் பருமனையும் அழகையும் பற்றி அது கவலைப்படுவதில்லை. எழுத்தை எழுத்தாகவே வைத்திருக்கும். இவ்வகையிற் பழமையும் பெருவழக்கும் உடைய ஒன்று 'விஐ'. 1976 ஆம் ஆண்டளவிலே, கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் மாணவராயிருந்த பில் ஜோய் என்பவர் அதனை ஆக்கினார். அதனைத் தழுவி ஒல்லாந்தரான பிராம் மூலெனார் என்பவர் 1991 இல் 'விம்' என்னும் எடிற்றரை வெளியிட்டு, 2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 3 ஆந் திகதி காலமாகும் வரை பேணி வந்தார். விம்மைத் திறந்தவுடன், உகண்டா நாட்டு ஏழைச் சிறுவருக்கு உதவுமாறு ஒரு வரி தோன்றும். மென்பொருளுக்குக் கூலி கேளாத அம்மனிதர் கேட்டது அவ்வளவே. 2014 இல் விம்மிலிருந்து கிளைத்தது 'நியோவிம்'. பெரும்பாலும் இவ்விரண்டையும் வைத்தே பேசப் போகிறோம். துணை இல்லாத துன்பம் இவற்றிலேதான் நன்றாகக் கண்ணுக்குத் தெரிகிறது.

ஆங்கிலத்தில் 'பிளகின்' எனப்படும் செருகுநிரல், எடிற்றருக்கு இயல்பாக இல்லாத ஒரு திறனை வெளியிலிருந்து கொண்டுவந்து பொருத்துவது. ஒருவர் கோப்புத் தேடும் செருகுநிரலை எழுதுவார். மற்றொருவர் பிழை காட்டும் செருகுநிரலை எழுதுவார். எழுதுபவர் எல்லாவற்றையும் தாமே ஆக்குவதில்லை. பிறர் முன்னரே ஆக்கிவைத்ததை எடுத்தாள்வார். அங்ஙனம் எடுத்தாளப்படுவது எதுவோ அதற்குச் சார்பு என்று பெயர். அது இல்லையேல் செருகுநிரல் இயங்காது.

பிட்டு அவிக்கும் முறையை ஒருவர் எழுதித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாவைக் குழைத்து, தேங்காய்ப்பூ இட்டு, நீத்துப்பெட்டியிலே வைத்து அவிக்குமாறு சொல்கிறார். யாழ்ப்பாணத்து அடுக்களையில் இது போதும். நீத்துப்பெட்டியையே காணாத ஊரில் இருப்பவர் என் செய்வார்? எழுதியவர் பொய் சொல்லவில்லை. தம் வீட்டில் எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும் பொருள் எல்லார் வீட்டிலும் தொங்கும் என்று எண்ணிவிட்டார். செருகுநிரல் எழுதுவோர் பலரும் இவ்வாறே எண்ணிவிடுகின்றனர். இன்னுங் கவனித்தால், குறை பலவிதமாக நேரலாம் என்பது தெரியவரும். மா இல்லாமற் போகலாம். பாத்திரம் இல்லாமற் போகலாம். அரிசி இருந்தும் அது இடிபடாமற் கிடக்கலாம். எல்லாம் இருந்தும் அடுப்புப் பழுதாய் இருக்கலாம். அரிசி இடிக்காத குறைக்கு நீத்துப்பெட்டி வாங்கிப் பயன் என்ன? இணையத்திலே கண்ட கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிப் பார்ப்பவர் செய்வது அதுவே. எனவே இல்லாதது எவ்வகைப்பட்டது என்பதை முதலிற் பிரித்தறிதல் வேண்டும். இன்றைய உரையிலே நாம் சொல்ல விரும்புவதும் இதுதான்.

பிறர் ஆக்கியதில் இவ்வளவு தங்கியிருப்பது தகுமோ என்று கேட்பீர்கள். ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம். சாவாஸ்கிரிப்ற் மொழியில் எழுதுவோர் தத்தம் ஆக்கங்களை இட்டுவைக்கும் பொதுக் களஞ்சியம் ஒன்று 'என்பிஎம்' என்னும் பெயரில் உண்டு. அதிலே 'லெப்ற்-பாட்' என்றொரு சிறு நிரல் இருந்தது. ஒரு சொல்லின் இடப்பக்கத்தை வேண்டிய அகலத்திற்கு வெற்றிடத்தால் நிரப்புவதே அதன் தொழில். நீளமோ 11 வரி. அதை எழுதியவர், வேறொரு பெயர் பற்றி எழுந்த பிணக்கிலே மனம் வெறுத்து, 2016 ஆம் ஆண்டு மார்ச் 22 ஆந் திகதி தம் ஆக்கங்கள் யாவற்றையும் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். உடனே உலகின் பல பாகங்களிலும், லெப்ற்-பாட் என்ற பெயரையே கேள்விப்படாத பலருடைய வேலைகள் நின்றுபோயின. அவர்கள் சார்ந்திருந்தது வேறொன்றை; அது சார்ந்திருந்தது மற்றொன்றை; சங்கிலியின் அடியிலே அந்த 11 வரி கிடந்தது. சில மணி நேரத்துக்குள் களஞ்சியத்தார் அதனைத் திரும்பவும் வைத்துவிட்டனர்.

இனி, இன்னது வேண்டும் என்று சொல்லவேண்டிய கடமை யாருடையது? இதற்கு எடிற்றருக்கு எடிற்றர் வேறு விடை தருகின்றன. ஐபிஎம் நிறுவனம் 2001 இல் திறந்த மூலமாக வெளியிட்ட 'எக்ளிப்ஸ்' என்பதில், செருகுநிரலை எழுதுபவரே தமக்கு வேண்டியவை எவை, எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்பு வரை என்பதைத் தம் பொதியினுள் எழுதிவைத்தல் வேண்டும். 2008 இல் அதனுடன் சேர்ந்த 'பி2' என்னும் நிறுவுகருவி அவ்வெழுத்துகளை எல்லாம் படித்து, ஒன்றோடொன்று முரணாத ஒரு கூட்டத்தைத் தேர்ந்தெடுக்கும். இது இலேசான கணக்கு அல்ல. அ வேண்டுமாயின் ஆ வேண்டும், ஆ இருப்பின் இ இருத்தலாகாது என்றவாறு ஆயிரக்கணக்கான நிபந்தனைகள் சேரும்போது, தருக்க நூலார் மிகக் கடினமெனக் கூறும் கணக்காகிவிடுகிறது. பிரான்சிலே ஆக்கப்பட்ட 'சற்4ஜே' என்னும் தருக்கத் தீர்வியையே பி2 இதற்குப் பயன்படுத்துகிறது. ஈமாக்ஸ் எடிற்றரும் 2012 இல் வந்த 24 ஆம் பதிப்பிலிருந்து இவ்வழியிற் செல்கிறது. விஷுவல் ஸ்ரூடியோ கோட் என்பதும் அவ்வாறே.

விம்மோ இங்ஙனம் கேட்பதில்லை. 2016 இல் வந்த அதன் 8 ஆம் பதிப்பு, செருகுநிரலை இன்ன கோப்புறையிலே கொண்டுவந்து வைத்தால் தான் கண்டெடுத்துக் கொள்வதாகச் சொல்கிறது. வைக்காததை அது போய்க் கொண்டுவராது. நியோவிம்மில் 'லேசி' முதலிய நிறுவுகருவிகள் இருக்கின்றன. அவையும் பெரும்பாலும், இன்னதற்கு இன்னது சார்பு என்று நிறுவுபவரே தம் கையால் எழுதித் தரவேண்டும் என்றே எதிர்பார்க்கின்றன. ஆக, எக்ளிப்ஸிலே எழுதியவர் தலையில் இருந்த சுமை இங்கே கற்க வந்தவன் தலையில் ஏறிவிடுகிறது. விம்மின் எளிமையைப் புகழ்வோர் இதனையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்பது எமது எண்ணம். நாம் அதனை விரும்பிக் கையாள்பவர்களே. ஆயினும் உண்மை அதுதான்.

ஓர் உதாரணத்தை நின்று நிதானித்துப் பார்ப்போம். நியோவிம்மிலே 'ரெலெஸ்கோப்' என்னும் செருகுநிரல் மிகவும் பெயர் பெற்றது. பெயரிற் சில எழுத்துகளைத் தட்டினாற் போதும், ஆயிரம் கோப்புகளுள் வேண்டியதை எடுத்துக் காட்டும். புதியவர் ஒருவர் அதனை மட்டும் நிறுவித் திறக்கிறார். 'பிளெனரி' என்று தொடங்கும் ஒரு கூறு காணப்படவில்லை என்ற செய்தி முதலில் வரும். அதன் கீழே, இந்தக் கோப்பு இல்லை, அந்தக் கோப்பு இல்லை என்று பத்துப் பதினைந்து வரிகள். அதற்குங் கீழே, எந்த நிரல் எந்த நிரலை அழைத்தது என்ற வரலாறு. புதியவர் கண் போவது கடைசி வரிக்கு. அங்கே ரெலெஸ்கோப்பின் பெயர் இருப்பதால், அதுதான் பழுதென்று அதனை அழித்து மீண்டும் நிறுவுகிறார். மீண்டும் அதே செய்தி.

பாதிரிமார் நடத்திய பாடசாலையிலே எமக்கு ஆங்கில வாசகம் ஒன்றைத் தந்து, எழுவாய் எது, பயனிலை எது என்று கோடிட்டுப் பிரிக்கச் சொல்வார்கள். அன்று சலிப்பாக இருந்த அந்தப் பயிற்சி இங்கே பெரிதும் கைகொடுக்கிறது. செய்தியைப் பிரித்துப் பாருங்கள். காணப்படவில்லை என்பது பயனிலை, காணப்படாதது யாது? பிளெனரி. நியோவிம் செருகுநிரல்கள் பெரும்பாலும் லூவா என்னும் மொழியில் எழுதப்படுகின்றன. பிறேசில் நாட்டிலே 1993 இல் பிறந்த மொழி அது. லூவா என்றாற் போர்த்துக்கேய மொழியில் நிலா. அம்மொழியிலே ஒரு கூறு அகப்படாவிட்டால், தேடிய இடங்கள் ஒவ்வொன்றையும் அது ஒப்புவிக்கும். அப்பத்துப் பதினைந்து வரிகளும் பத்துப் பதினைந்து பிழைகள் அல்ல. வீட்டில் திறப்பைத் தொலைத்தவர், மேசையிலே பார்த்தேன், யன்னலிலே பார்த்தேன், சட்டைப்பையிலே பார்த்தேன் என்று சொல்வதற்கு ஒப்பானவை. தொலைந்தது ஒரு திறப்புத்தான்.

இப்போது இரண்டில் ஒன்று உண்மையாதல் வேண்டும். பிளெனரி நிறுவப்படவேயில்லை, அல்லது நிறுவப்பட்டும் தேடாத இடத்தில் கிடக்கிறது. முதலாவதாயின், ரெலெஸ்கோப்பின் விளக்கக் குறிப்பிலேயே பிளெனரி கட்டாயம் வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அதனை நிறுவினால் தீர்ந்தது. பிளெனரி என்பது, பலரும் திரும்பத் திரும்ப எழுதவேண்டி வரும் செயற்கூறுகளை ஒன்றாகச் சேர்த்த ஒரு நூலகம். இரண்டாவதாயின், 'ரண்ரைம்பாத்' என்னும் அமைப்பிலே என்னென்ன கோப்புறைகள் இருக்கின்றன என்று எடிற்றரிடமே கேட்டு, நீங்கள் வைத்த இடம் அதில் உண்டா எனப் பார்க்கவேண்டும். செய்தி மறைந்துவிட்டதே என்று கலங்கவேண்டாம். முக்காற்புள்ளி இட்டு 'மெசேஜஸ்' என்று எழுதினால் பழைய செய்திகள் திரும்பவும் தோன்றும்.

இங்கே ஒரு சிறு குறிப்பு. எல்லா மொழிகளும் செய்தியை ஒரே ஒழுங்கிற் சொல்வதில்லை. லூவாவில் மூலகாரணம் தலைப்பிலே இருக்கும். பைதனிலே அது கடைசி வரியில் இருக்கும். எக்ளிப்ஸ் எழுதப்பட்ட ஜாவாவிலே, 'இதனால் விளைந்தது' என்ற பொருளுடைய வரிகளுட் கடைசியானதைத் தேடவேண்டும். இதனை அறியாதவர் எவ்வளவு ஊக்கத்துடன் வாசித்தாலும் தவறான வரியையே வாசிப்பார்.

அடுத்தது, பாத்திரம் இல்லாத குறை. ரெலெஸ்கோப்பையும் பிளெனரியையும் நிறுவியாயிற்று. கோப்பின் பெயரைத் தேடினால் அகப்படுகிறது. கோப்பினுள்ளே இருக்கும் சொல்லைத் தேடினால் மட்டும் வேலை நடப்பதில்லை. உள்ளே தேடும் வேலையை 'ரிப்கிறெப்' என்னும் தனிச் செய்நிரலிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அது செருகுநிரல் அன்று. எடிற்றரின் கோப்புறையில் எங்கே வைத்தாலும் பயனில்லை. கணினியிலே பொதுவாக நிறுவப்படல் வேண்டும். இவ்வாறே 'கொக்' என்னும் செருகுநிரல் நோட் என்பதைக் கேட்கும்.

இங்கேதான் சிலருக்குத் தலை சுற்றும். நோட் இருக்கிறது; முனையத்திலே அழைத்தால் விடை தருகிறது; எடிற்றரோ இல்லை என்கிறது. செய்நிரல்களை எங்கெங்கே தேடுவது என்று ஒரு பாதைப் பட்டியல் கணினியில் உண்டு. 'பாத்' என்பது அதன் பெயர். முனையத்தைத் திறக்கும்போது ஒரு பட்டியல் அமைகிறது. திரையிலுள்ள படத்தைத் தட்டி எடிற்றரைத் திறந்தால், குறிப்பாக மக் கணினிகளில், வேறொரு பட்டியல் கிடைக்கிறது. ஒரு முறை முனையத்திலிருந்தே எடிற்றரைத் திறந்து பாருங்கள். அப்போது இயங்கினால் குறை நோட்டில் இல்லை, பட்டியலிலே என்று துணியலாம்.

பைதன் பற்றியும் சொல்லவேண்டும். உறுப்பினர் பலர் அம்மொழியையே கற்கின்றனர். விம் எடிற்றரைக் கட்டும்போதே பைதனைச் சேர்த்தும் கட்டலாம், சேர்க்காமலும் கட்டலாம். டெபியன், உபுண்டு ஆகியவற்றிலே தொடக்கத்தில் இருப்பது பெரும்பாலும் சேர்க்காத சிறு விம். பைதன் கேட்கும் செருகுநிரலை அதில் எத்தனை முறை நிறுவினாலும் அது வேலை செய்யாது. 'விம்-நொக்ஸ்' போன்ற நிறைவான பொதியை நிறுவுதல் வேண்டும். எந்த விம் உம்மிடம் உள்ளது என்று அறிய, 'ஹாஸ்' என்னும் செயற்கூறிடம் பைதன்3 உண்டா எனக் கேட்டால் 1 என்றோ 0 என்றோ விடை வரும். வின்டோஸிலே இன்னொரு சிக்கல்: விம் 64 பிற், பைதன் 32 பிற் ஆயின் இரண்டும் இருந்தும் ஒட்டாது. நியோவிம்மோ பைதனைத் தன்னுள்ளே வைத்திராது, தனியே இயங்கவிட்டு 'பைநிவிம்' என்னும் பொதி மூலம் அதனுடன் பேசுகிறது. ஒரு கணினியில் மூன்று பைதன் இருந்து, ஒன்றில் பைநிவிம்மை நிறுவி, எடிற்றர் மற்றொன்றைத் திறந்து பார்த்துவிட்டு இல்லை என்று சொல்வதே இங்கு அடிக்கடி நிகழ்வது. 'செக்ஹெல்த்' என்ற கட்டளையை இட்டால், எந்தப் பைதனைத் தான் பார்க்கிறது என்பதை நியோவிம் வரி வரியாகச் சொல்லிவிடும். வைத்தியர் நாடி பார்ப்பது போன்ற இக்கட்டளையை, எதையும் அழிக்கவோ புதிதாக நிறுவவோ முன்னர், முதலில் இடுவது நல்லது.

இனி, இடிக்காத அரிசி. சில செருகுநிரல்களின் ஒரு பகுதி சி அல்லது சி++ மொழியிலே எழுதப்பட்டிருக்கும். அதனை அவரவர் கணினியிலேயே தொகுப்பான் கொண்டு கட்டுதல் வேண்டும். 'யூ கொம்ப்ளீற் மீ' என்பது இத்தகையது. கோப்புகள் யாவும் வந்திறங்கியிருக்கும். ஆயினும் கட்டும் கட்டளையை இடாதவரை அதன் உள்ளே இருக்கும் சேவையகம் எழும்பாது. இங்கே இணையச் செலவுக்கு அஞ்சும் எம்மவர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கிற்ஹப் தளத்திலே 'சிப்' கோப்பாக இறக்கிக்கொள்ள ஒரு பொத்தான் இருக்கிறது. கிற் என்ற கருவியை அறியாதவர்க்கு அதுவே எளிது. ஆனால் செருகுநிரலினுள்ளே உட்களஞ்சியங்களாக இணைக்கப்பட்டவை அந்தச் சிப் கோப்பில் வருவதில்லை. கோப்புறை இருக்கும், உள்ளே ஒன்றும் இராது. யூ கொம்ப்ளீற் மீ அவ்வாறு பல உட்களஞ்சியங்களை உடையது. ஆகவே அதனைக் கிற் மூலமே, உட்களஞ்சியங்களையும் சேர்த்து, இறக்கவேண்டும். நண்பரிடமிருந்து பென்டிரைவிலே கொண்டுவருவோர்க்கும் ஒரு சொல்: வெறும் எழுத்தாலான செருகுநிரலை எங்கும் கொண்டு செல்லலாம்; லினக்ஸிலே கட்டப்பட்ட பகுதியை வின்டோஸுக்குக் கொண்டு சென்றால் ஓடாது.

பதிப்புப் பழையதாகிய குறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உபுண்டு 22.04 தன் களஞ்சியத்திலே தரும் நியோவிம் 0.6.1. முன்னர் கூறிய லேசி என்னும் நிறுவுகருவியோ 0.8 ஆவது வேண்டும் என்கிறது. இரண்டு பக்கத்தாரிலும் தவறில்லை. கற்பவன் நடுவில் அகப்பட்டுக்கொள்கிறான். நியோவிம்மின் சொந்த வெளியீட்டுப் பக்கத்திலிருந்து புதியதை இறக்குவதே வழி. எண்களைப் படிக்கும்போதும் எச்சரிக்கை வேண்டும். 2023 இல் வந்தது 0.9, 2024 இல் வந்தது 0.10. கணித பாடத்திலே 0.10 சிறிது, இங்கே புள்ளிக்குப் பின்னர் உள்ளது பத்து என்னும் முழு எண், ஆதலால் அது ஒன்பதிலும் பெரிது. கணிதத்திலே நல்ல புள்ளி எடுப்பவர்தான் இதிலே முதலில் ஏமாறுவார்!

சார்பு இன்னதென்று தெரிந்தும், அது உலகத்தில் இருந்தும், எமக்குக் கிடையாத நிலையும் உண்டு. விஷுவல் ஸ்ரூடியோ கோட் என்பதன் திறந்த மூலத்திலிருந்து கட்டப்பட்ட 'விஎஸ் கோடியம்' என்பதைச் சிலர் விரும்பிக் கையாள்வர். 'பைலான்ஸ்' என்னும் பைதன் துணையை அதில் முறைப்படி நிறுவ முடியாது. மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் சொந்த ஆக்கங்களோடு மட்டுமே அதனைப் பயன்படுத்தலாம் என்பது உரிமத்தின் நிபந்தனை. இங்கே இல்லாதிருப்பது உரிமை. இதற்குக் கட்டளை தேடி அலைவதில் அர்த்தமில்லை. வேறு துணையைத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

எக்ளிப்ஸ் கையாள்வோர்க்கு ஒரே ஒரு குறிப்பு. 'வேண்டிய பொருள் காணப்படவில்லை' என்று அது கைவிரிக்கும்போது, நிறுவும் பெட்டியின் அடியிலே, தேவையானவற்றைக் கண்டுபிடிக்க எல்லாத் தளங்களையும் தொடர்புகொள்க என்ற பொருளுடைய ஒரு சிறு கட்டம் இருக்கும். விரைவாக முடியும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அக்கட்டத்தின் சரி அடையாளத்தை எடுத்துவிட்டவர் பலர். அதனை மீண்டும் இட்டுப் பாருங்கள்.

இதுவரை, இல்லாததைக் கொண்டுவருவது பற்றிச் சொன்னோம். கொண்டுவருவது யாரை என்றும் பார்க்கவேண்டாமா? 2018 இல் 'இவென்ற்-ஸ்ரீம்' என்னும் பெருவழக்கான நிரலின் பராமரிப்பை ஒருவர் தாமாக முன்வந்து ஏற்றுக்கொண்டு, அதனுடன் புதிய சார்பு ஒன்றைச் சேர்த்தார். அச்சார்பினுள்ளே பிற்கொயின் பணப்பைகளைத் திருடும் நிரல் ஒளிந்திருந்தது. செருகுநிரல் எமது கணக்கின் முழு உரிமையோடும் ஓடுகிறது. எமது கோப்புகளை எல்லாம் அது வாசிக்கலாம். இக்காலத்தில் இன்னொரு கேடும் சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் வழுச் செய்தியைக் கொடுத்துப் பரிகாரம் கேட்பது வழக்கமாகிவிட்டது. அவை பெரும்பாலும் நல்ல விடையே தருகின்றன. சில வேளைகளில் உலகத்திலேயே இல்லாத ஒரு பொதியின் பெயரை மிக்க உறுதியோடு சொல்லிவிடும். அப்பெயரிலே ஒரு தீய பொதியைச் செய்து களஞ்சியத்தில் வைத்துக் காத்திருப்பது ஒருவனுக்குக் கடினமன்று. ஆகவே எவர் சொன்ன பெயராயினும், செருகுநிரலை எழுதியவரின் விளக்கக் குறிப்பிலே அது உண்டா என்று ஒத்துப் பார்த்த பின்னரே நிறுவுதல் வேண்டும். நிருவாகி உரிமையோடு ஓட்டுக என்று சொல்லும் கட்டளைகளை இருமடங்கு சந்தேகத்தோடு பாருங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை கணினி வேலை செய்யவில்லை என்று சொன்னால், புதிய கணினி வாங்கவேண்டுமோ என்று கடன் பட நினைக்கவேண்டாம். நாம் மேலே சொன்னவற்றுள் ஒன்றாவது பணத்தாலே தீர்வதன்று. திரையிலே வந்த செய்தி முழுவதையும் ஒரு தாளிலே எழுதித் தரும்படி பிள்ளையிடம் கேளுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. எழுதும்போதே அதனைச் சொற்சொல்லாக வாசிக்கவேண்டி வரும், பாதி வேலை அங்கே முடிந்துவிடும். எஞ்சியதற்குத் தெரிந்தவரிடம் உதவி கேட்கும்போது, 'வேலை செய்யுதில்லை அண்ணா' என்று ஒரு வரி அனுப்பினால் அந்த அண்ணாவும் ஒன்றும் சொல்ல இயலாது. எடிற்றரின் பதிப்பு, இயங்குதளம், செய்தியின் முழு வாசகம், செக்ஹெல்த் தந்த விடை, இறுதியாக என்ன மாற்றம் செய்தீர்கள் என்பது ஆகியவற்றை அனுப்பினால், பத்து நிமிடத்திலே விடை கிடைக்கலாம்.

எமது உறுப்பினருட் சிலர் தாமே செருகுநிரல் எழுதத் தொடங்கியிருக்கின்றனர். அவர்களிடம் ஒரு வேண்டுகோளை வைத்து முடிக்கிறோம். நியோவிம்மிலே செருகுநிரல் ஒவ்வொன்றும் தன்னுடைய நலத்தைத் தானே சோதித்துச் சொல்ல இடமுண்டு. உங்கள் செருகுநிரலின் லூவாக் கோப்புறையிலே 'ஹெல்த்' என்ற பெயரில் ஒரு கோப்பை வைத்து, அதிலே 'செக்' என்றொரு செயற்கூறை எழுதினாற் போதும். பயனாளர் செக்ஹெல்த் இடும்போது அது தானாக ஓடும். ரெலெஸ்கோப்பும் அவ்வாறு செய்திருப்பதால், செக்ஹெல்த் என்பதன் பின்னே அதன் பெயரைச் சேர்த்துக் கேட்டால் பிளெனரி உண்டா, ரிப்கிறெப் உண்டா என்று சொல்கிறது. நீங்களும் 'எக்ஸிகியூற்றபிள்' என்னும் செயற்கூறிடம் ஒரு செய்நிரலின் பெயரைக் கொடுத்து அது உண்டா எனக் கேளுங்கள். விடை 0 ஆயின், எதனை எங்கிருந்து நிறுவவேண்டும் என்பதை ஒரு வரியில் எழுதிவையுங்கள். அந்த வரியைத் தமிழிலே எழுதலாம்; நியோவிம் அதனைத் தடுப்பதில்லை.